வடசென்னைக் கடலில் பொழுதுபோக்குப் படகோட்டம்: புறப்படுவதற்கு முன்பிருந்து கரையேறும் வரை

சிறிய பாய்ப்படகோ எஞ்சின் படகோ வாங்கி விடுமுறை நாள்களில் கடலுக்குச் செல்ல வேண்டும் என்ற ஆசையுடன் வருகிறவர்கள், பெரும்பாலும் எந்தப் படகு வாங்கலாம் என்றுதான் முதலில் கேட்கிறார்கள். வடசென்னைக் கடலைப் பொறுத்தவரை, அதற்கும் முன்பாகக் கேட்க வேண்டியது ஒன்று உண்டு: எந்த இடத்தில், எந்த நேரத்தில், எந்தக் காற்றில் திரும்பிக் கரையேற முடியும்? இந்த வழிகாட்டியில் வரும் ஒவ்வொரு படியும் அந்தக் கேள்விக்கான விடையின் ஒரு பகுதிதான். திரும்பும் வழி தெளிவாகாத நாளில் புறப்படவே கூடாது என்பது என் உறுதியான கருத்து.

முதற்படி: கரையைத் தெரிந்துகொள்ளுதல்

சென்னைத் துறைமுகத்திலிருந்து எண்ணூர் முகத்துவாரம் வரை கடல் வழியே ஏறத்தாழ 15 கிலோமீட்டர். வரைபடத்தில் இது நேரான, எளிய கரையாகத் தெரியும். நேரில் பார்த்தால், சிறு படகு ஒதுங்குவதற்கு இதில் இடம் மிகக் குறைவு என்பது புரியும்.

அதற்குக் காரணம் துறைமுகத்தின் வரலாற்றிலேயே இருக்கிறது. நம் கரையோரமாக ஆண்டின் பெரும்பகுதியில் மணல் தெற்கிலிருந்து வடக்கு நோக்கி நகர்கிறது. துறைமுகத்தின் அலைதடுப்புச் சுவர்கள் அந்த மணலைத் தடுத்து நிறுத்தியதால் தெற்கே மெரினா அகன்றது. மணல் வரத்து நின்றுபோன வடக்கே இராயபுரம், தண்டையார்பேட்டை, திருவொற்றியூர்ப் பகுதிகளில் கடல் கரையை அரித்தது. அரிப்பைத் தடுக்கக் கருங்கற்களைக் கொட்டிக் கரைச்சுவர் எழுப்பினார்கள். பல இடங்களில் கடலுக்குள் நீளும் கல் தடுப்புகளையும் கட்டினார்கள். குடியிருப்புகளுக்கு அவை பாதுகாப்பு. எஞ்சின் நின்றுபோன படகு ஒன்று அவற்றின் மீது தள்ளப்பட்டால், மணற்கரையில் தரைதட்டுவதைப் போல அது எளிதாக முடிந்துவிடாது. அலை ஒவ்வொரு முறையும் படகைத் தூக்கிக் கல்லின் மீது அறையும்.

ஆகவே புறப்படுவதற்கு முன், எண்ணூர் நெடுஞ்சாலையில் காசிமேட்டிலிருந்து எர்ணாவூர் வரை ஒருமுறை மெதுவாகச் சென்று கரையைப் பாருங்கள். எந்தெந்தக் குப்பங்களின் முன்னால் மணல் திட்டு இருக்கிறது, மீனவர்கள் தங்கள் ஃபைபர் படகுகளை எங்கே ஏற்றி வைத்திருக்கிறார்கள் என்று குறித்துக்கொள்ளுங்கள். மீனவர் படகு ஏற்றும் இடத்தில்தான் நீங்களும் அவசரத்துக்கு ஏற முடியும். கல் தடுப்புகளுக்கு இடையே தேங்கும் மணல் பருவத்துக்குப் பருவம் மாறுவதால், சென்ற ஆண்டு பார்த்ததை நம்பி இந்த ஆண்டு செல்லக் கூடாது.

நுழையக் கூடாத இடங்களையும் சேர்த்தே குறிக்க வேண்டும். சென்னைத் துறைமுகம், முகத்துவாரத்துக்கு வடக்கே காமராஜர் துறைமுகம், அதற்கு வடக்கே காட்டுப்பள்ளித் துறைமுகம் ஆகிய மூன்றும் பாதுகாப்புக் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டவை. முன் அனுமதியின்றி அவற்றுக்குள் படகைக் கொண்டு செல்ல முடியாது. காசிமேடு மீன்பிடித் துறைமுகம் விசைப்படகுகளின் தொழிலிடம். உயிருக்கு ஆபத்தான நிலையில் அங்கே ஒதுங்கலாம், யாரும் விரட்டமாட்டார்கள். ஆனால் அதை வழக்கமான படகுத்துறையாகக் கருதுவது தவறு. ஸ்ரீஹரிகோட்டாவில் ராக்கெட் ஏவப்படும் நாள்களில் பழவேற்காட்டுப் பக்கக் கடலில் படகுகளுக்குத் தடை இருக்கும் என்பதையும் நினைவில் வையுங்கள்.

இரண்டாம் படி: கற்றுக்கொள்ளுதலும் அனுமதியும்

துறைமுக வளாகத்துக்குள் இயங்கும் ராயல் மெட்ராஸ் யாட் கிளப் 1911இல் தொடங்கப்பட்டது. அதைத் தொடங்கியவர் சர் ஃபிரான்சிஸ் ஸ்பிரிங். துறைமுகத்தின் கிழக்கு நோக்கிய வாயில் மணலால் தூர்ந்துவந்ததைக் கண்டு, அதை வடகிழக்குக்கு மாற்றி அமைத்த பொறியாளரும் அவரே. தமிழ்நாடு பாய்மரப் படகோட்டச் சங்கமும் துறைமுகத்திலிருந்தே பயிற்சி அளித்து வருகிறது. ஒலிம்பிக் பாய்மரப் போட்டிக்குத் தகுதிபெற்ற முதல் இந்தியப் பெண்ணான நேத்ரா குமணன் சென்னையில் பயின்றவர். டோக்கியோ ஒலிம்பிக்கில் 49இஆர் வகைப் படகில் பங்கேற்ற கே.சி. கணபதி, வருண் தக்கர் இணையும் சென்னையைச் சேர்ந்தது. உலகத் தரமான பயிற்சி நம் வீட்டு வாசலிலேயே கிடைக்கிறது என்பதால், சொந்தமாகக் காணொளிகளைப் பார்த்துக் கற்றுக்கொண்டு கடலில் இறங்குவதற்கு இங்கே எந்தத் தேவையும் இல்லை.

பாய்ப்படகு பழகும் பெரியவர்களுக்கு ஐஎல்சிஏ எனப்படும் ஒற்றையாள் படகு பொருத்தமானது. ஒரே படகில் மூன்று அளவுப் பாய்களை மாற்றிக்கொள்ளலாம்: சிறியது 4.7 சதுர மீட்டர், நடுத்தரம் 5.76, பெரியது 7.06. மதியக் காற்று பலமாக இருக்கும் நம் கடலில் எடை குறைந்தவர்கள் சிறிய பாயில் தொடங்குவது நல்லது. சிறுவர்களுக்கு 2.3 மீட்டர் நீளமுள்ள ஆப்டிமிஸ்ட் படகு.

எஞ்சின் படகு வாங்குகிறவர்கள், ஆறுகளிலும் கழிமுகங்களிலும் இயங்கும் எஞ்சின் படகுகளுக்கு 2021ஆம் ஆண்டின் உள்நாட்டுக் கலங்கள் சட்டம் பதிவையும் தகுதிச் சான்றையும் கோருகிறது என்பதை அறிந்திருக்க வேண்டும். விற்பவர் பேச்சை மட்டும் கேட்டுக்கொண்டு பதிவை ஒத்திப்போடாதீர்கள். விபத்து நேர்ந்தால் காப்பீட்டு நிறுவனம் முதலில் கேட்பது அந்தக் காகிதத்தைத்தான்.

பழவேற்காடு ஏரியைப் பற்றி இங்கே தனியாகச் சொல்லியாக வேண்டும். 2011 டிசம்பர் 25 அன்று, சுற்றுலா சென்றவர்களை ஏற்றிச் சென்ற மீன்பிடிப் படகு அங்கே கவிழ்ந்து 22 பேர் இறந்தார்கள். லைஃப் ஜாக்கெட் இல்லாமல், மீன்பிடிக்கக் கட்டப்பட்ட படகில் குடும்பம் குடும்பமாக ஏற்றிச் சென்றதன் விளைவு அது. அதன் பிறகு சுற்றுலாப் படகுச் சவாரிக்கு அங்கே தடை விதிக்கப்பட்டது. கரையில் நின்று யாராவது காசு கேட்டு அழைத்தாலும் ஏறாதீர்கள். சொந்தப் படகை இறக்க விரும்பினாலும், பறவைகள் சரணாலயப் பகுதி என்பதால் வனத்துறையிடமும் மீன்வளத்துறையிடமும் கேட்டு அனுமதி பெற்ற பிறகே இறக்குங்கள்.

மூன்றாம் படி: காற்றின் ஒழுங்கைப் படித்தல்

வடசென்னைக் கடலில் காற்று பருவத்துக்கு ஒரு விதமாகவும், ஒரே நாளுக்குள் காலையில் ஒரு விதமாகவும் மாலையில் ஒரு விதமாகவும் வீசும். இந்த இரண்டையும் சேர்த்துப் புரிந்துகொள்வதுதான் பாதுகாப்பின் பாதி.

ஜனவரி முதல் மார்ச் வரை கடல் பொதுவாக அமைதியாக இருக்கும். காலையில் மெல்லிய வாடை, முற்பகலுக்கு மேல் கிழக்கிலிருந்து கடற்காற்று. புதியவர்கள் பழகுவதற்கு இதைவிட நல்ல காலம் இல்லை. ஏப்ரல், மே மாதங்களில் தெற்கிலிருந்து கரையோரமாக வீசும் காற்று வலுவடைகிறது. மதியத்துக்கு மேல் அலை நுனிகளில் வெண்ணுரை தெரியத் தொடங்கும். ஜூன் முதல் செப்டம்பர் வரை காலையில் தரையிலிருந்து மேல்காற்று, அதாவது கச்சான் எனப்படும் மேற்குக் காற்று, கடலை நோக்கி வீசும். அது வலுவாக இருக்கும் நாள்களில் கடற்காற்று தாமதமாகவே நுழையும். அக்டோபர் முதல் டிசம்பர் வரை வடகிழக்குப் பருவமழைக் காலம். வாடை, மழை, புயல் சின்னங்கள் என்று மாறி மாறி வரும் அந்த மாதங்களில் பொழுதுபோக்குப் படகை கரையேற்றிக் கட்டிவைப்பதே சரி. 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயல் சென்னைக்கு அருகே கரையைக் கடந்ததை இந்தப் பகுதியில் யாரும் மறந்திருக்கமாட்டார்கள்.

ஜூன் முதல் செப்டம்பர் வரையிலான காலைக் காற்றில் ஒரு பொறி இருக்கிறது. தரையிலிருந்து கடலுக்கு வீசும் காற்றில் கரையோரக் கடல் குளம்போலத் தெளிந்து கிடக்கும். கரையில் நின்று பார்ப்பவருக்கு அலையே தெரியாது. ஆனால் அந்தக் காற்று உங்களை நிமிடத்துக்கு நிமிடம் வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். இரண்டு கிலோமீட்டர் தாண்டிய பிறகுதான் அலையின் உண்மையான உயரம் தெரியும். அதே பருவத்தில் மாலை நேரங்களில் மேற்கே இடிமேகம் எழுந்து, சில நிமிடங்களுக்குள் திசை மாறிப் பலத்த காற்றுடன் நகரைக் கடந்து கடலுக்கு வரும். மேற்கு வானம் கறுக்கத் தொடங்கினால், தலைக்கு மேல் வெயில் காய்ந்துகொண்டிருந்தாலும் உடனே திரும்பிவிடுங்கள்.

நீரோட்டமும் காற்றோடு சேர்ந்தே பயண நேரத்தைத் தீர்மானிக்கிறது. கோடைக்கால மாதங்களில் ஓட்டம் பொதுவாக வடக்கு நோக்கியும், பருவமழைக் காலத்தில் தெற்கு நோக்கியும் இருக்கும். ஏப்ரலில் காசிமேட்டுக்கு வெளியிலிருந்து எண்ணூர் நோக்கிப் போனால் காற்றும் ஓட்டமும் முதுகில் தள்ளும், படகு பறக்கும், ஒரு மணி நேரத்தில் போன தூரத்தைத் திரும்பிக் கடக்க மூன்று மணி நேரம் ஆகலாம், அதுவும் மதியக் காற்று ஏறிய பிறகு. இதனால்தான் முதலில் காற்றை எதிர்த்துப் போய், களைத்த பிறகு காற்றோடு திரும்ப வேண்டும் என்று பயிற்றுநர்கள் வலியுறுத்துகிறார்கள்.

நான்காம் படி: முன்னறிவிப்பைப் பார்க்கும் முறை

மூன்று இடங்களைப் பாருங்கள். சென்னை மண்டல வானிலை ஆய்வு மையத்தின் மீனவர்களுக்கான எச்சரிக்கை முதலாவது. ஹைதராபாத்தில் உள்ள இன்காய்ஸ் நிறுவனம் வெளியிடும் அலை உயரம், கடல் சீற்றம் பற்றிய முன்னறிவிப்பு இரண்டாவது. துறைமுகத்தில் ஏற்றப்படும் புயல் எச்சரிக்கைக் கூண்டு மூன்றாவது. 1 முதல் 11 வரையிலான எண்களில், முதல் எண் ஏற்றப்பட்டாலே பொழுதுபோக்குப் படகுக்கு அன்று விடுமுறை.

மீனவர்களுக்கான எச்சரிக்கையில் மணிக்கு 45 முதல் 55 கிலோமீட்டர் வேகத்தில் சூறைக்காற்று என்ற சொற்றொடரை அடிக்கடி காண்பீர்கள். அந்த எச்சரிக்கை வரவில்லை என்பதால் கடல் உங்களுக்குத் தகுந்ததாக இருக்கிறது என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. அது கடலிலேயே வளர்ந்தவர்களுக்கும் அவர்களின் படகுகளுக்கும் வகுக்கப்பட்ட அளவு. புதியவர் ஒருவருக்கு மணிக்கு 18 கிலோமீட்டர், அதாவது ஏறத்தாழ 10 நாட் காற்றே போதுமான சவால். 28 கிலோமீட்டருக்கு மேல் அனுபவமுள்ளவர்கள் மட்டும். 37 கிலோமீட்டரை, அதாவது 20 நாட்டைத் தொட்டால் சிறு படகுகள் எவருடையதாயினும் கரையில் இருக்கட்டும்.

இன்காய்ஸ் கள்ளக்கடல் எச்சரிக்கை விடுத்திருக்கும் நாளைத் தவிர்த்துவிடுங்கள். எங்கோ தொலைதூரப் பெருங்கடலில் எழுந்த நீண்ட அலைகள், இங்கே காற்றே இல்லாத நாளிலும் வந்து கரையில் உடையும். முகத்துவாரங்களிலும் கல் தடுப்புகளின் அருகிலும் அதன் வேகம் கடுமையாக இருக்கும்.

இவை அனைத்தையும் பார்த்த பிறகு, அதிகாலையில் கடலிலிருந்து திரும்பும் மீனவர் ஒருவரிடம் கேளுங்கள். “அண்ணே, வெளியே எப்படி இருக்கு?” என்று கேட்டால், “இப்போ ஒண்ணும் தெரியாது தம்பி, பதினொரு மணிக்கு மேல தெக்கத்திக் காத்து ஏறும், அதுக்குள்ள வந்துடு” என்பது போன்ற பதில் கிடைக்கும். செயற்கைக்கோள் தர முடியாத நுட்பம் அதில் இருக்கிறது: இந்தக் கரைக்கு, இன்றைய நாளுக்கு, எத்தனை மணி வரை என்ற கணக்கு. அவர் போக வேண்டாம் என்று சொன்னால் மறுபேச்சு இல்லாமல் கேட்டுக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் படி: படகைச் சோதித்தல்

அடிப்பகுதியில் உள்ள வடிகால் அடைப்பானிலிருந்து தொடங்குங்கள். கழுவிய பிறகு நீர் வடிவதற்காகத் திறந்து வைத்து, மூட மறந்து படகை இறக்குவது உலகெங்கும் நடக்கும் தவறு. அடைப்பானின் ரப்பர் வளையத்தை விரலால் தடவிப் பாருங்கள். வெடிப்பு தட்டுப்பட்டால் மாற்றிவிடுங்கள், விலை அற்பம்.

பாய்ப்படகில் பாய்மரத்தைத் தாங்கும் கம்பிகளின் முனைகளைத் தனித்தனியாகப் பார்க்க வேண்டும். உப்புக் காற்று நேராகக் கம்பியை அரிப்பதைவிட, கம்பி உலோகக் குப்பிக்குள் நுழையும் இடத்தில்தான் வேலையைக் காட்டும். அங்கே பழுப்புக் கறை கசிந்திருந்தாலோ, ஒரே ஓர் இழை அறுந்து முள்போல நீட்டிக்கொண்டிருந்தாலோ, அந்தக் கம்பியை மாற்றாமல் கடலுக்குப் போகக் கூடாது. பாகங்களை இணைக்கும் ஷேக்கிள் வளையங்களின் திருகாணிகள் தளராமல் இருக்கச் சிறு கம்பியால் கட்டிவையுங்கள். சுக்கான் தன் கீலிலிருந்து கழன்று மிதந்துபோகாதபடி தடுக்கும் சிறிய பூட்டு சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

வெளிப்புற எஞ்சினில், இயக்கிய உடனே பின்புறத்துச் சிறு துளையிலிருந்து குளிர்நீர் பீய்ச்சுகிறதா என்று பாருங்கள். தாரை மெலிந்தோ விட்டுவிட்டோ வந்தால் நீரேற்றும் இம்பெல்லர் தேய்ந்திருக்கிறது, அல்லது நீர் நுழையும் வாயில் நெகிழி அடைத்திருக்கிறது என்று பொருள். காசிமேட்டையும் முகத்துவாரங்களையும் ஒட்டிய நீரில் மிதக்கும் பைகளின் அளவை நினைத்தால், இந்தச் சோதனையைக் கடலிலும் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை திரும்பிப் பார்த்துச் செய்ய வேண்டியிருக்கிறது. எஞ்சினை நிறுத்தும் பாதுகாப்புக் கயிற்றை ஓட்டுபவர் காலிலோ லைஃப் ஜாக்கெட்டிலோ மாட்டாமல் எஞ்சினை இயக்கவே கூடாது. ஓட்டுபவர் தவறி விழுந்தால், வட்டமடித்து வரும் படகின் விசிறி அவர் மீதே ஏறும்.

எரிபொருளை மூன்றாகப் பிரியுங்கள்: போவதற்கு ஒன்று, வருவதற்கு ஒன்று, எதிர்பாராததற்கு ஒன்று.

ஆறாம் படி: உடன் இருக்க வேண்டியவை

லைஃப் ஜாக்கெட்டை உடலில் அணிந்திருக்க வேண்டும். இருக்கைக்கு அடியில் அடுக்கி வைத்த ஜாக்கெட் கவிழ்ந்த படகுக்குள் சிக்கிக்கொள்ளும். பாய்ப்படகு ஓட்டிப் பழகியவர்களுக்கு, கையை அசைக்க இடந்தரும் 50 நியூட்டன் மிதவை அங்கி போதும். எஞ்சின் படகில் பயணிப்பவர்களுக்கும் நீந்தத் தெரியாதவர்களுக்கும், மயங்கினாலும் முகத்தை நீருக்கு மேலே திருப்பி வைக்க உதவும் 100 நியூட்டன் அல்லது அதற்கு மேற்பட்டதை வாங்குங்கள். குழந்தைகளுக்குக் கால்களுக்கு இடையே செல்லும் பட்டை கட்டாயம். இல்லையேல் நீரில் விழுந்ததும் அங்கி மேலே போகும், குழந்தை கீழே வழுகும். ஒவ்வோர் அங்கியிலும் ஒரு விசில் கட்டியிருங்கள்.

அடுத்தது நங்கூரம். இந்தக் கரையில் லைஃப் ஜாக்கெட்டுக்கு அடுத்தபடியாக உங்கள் உயிரையும் படகையும் காப்பது இதுதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். மதியக் கடற்காற்று கரையை நோக்கி வீசும்போது எஞ்சின் நின்றுவிட்டால், படகு கல் சுவரை நோக்கி நகரத் தொடங்கும். அரை கிலோமீட்டர் தொலைவில் இருந்தால், காற்றின் வலுவைப் பொறுத்து உங்களிடம் இருப்பது அரை மணி நேரமோ அதற்கும் குறைவோதான். எஞ்சினின் மூடியைத் திறந்து பழுது தேடுவதில் அந்த நேரத்தைச் செலவிடாமல், முதல் வேலையாக நங்கூரத்தை இறக்குங்கள். படகு நின்ற பிறகு பழுதைத் தேடலாம், உதவி கேட்கலாம். கயிற்றின் நீளம் ஆழத்தைப் போல் ஐந்து முதல் ஏழு மடங்கு வேண்டும்: 8 மீட்டர் ஆழத்தில் 40 முதல் 56 மீட்டர். நங்கூரத்துக்கும் கயிற்றுக்கும் இடையே சில மீட்டர் இரும்புச் சங்கிலி இருந்தால் இழுவை தரையோடு படுக்கையாக வந்து நங்கூரத்தின் கொழு மணலைப் பிடிக்கும். சங்கிலி இல்லாத இலேசான நங்கூரம் அலையில் எகிறி எகிறிப் பிடிப்பை இழக்கும். கயிற்றின் மறுமுனை படகின் அணியத்தில், அதாவது முன்முனையில், முன்கூட்டியே கட்டப்பட்டிருக்க வேண்டும். பின்பக்கத்தில் கட்டி இறக்கினால் அலை பின்புறமாக ஏறிப் படகை நிரப்பிவிடும்.

இவற்றைத் தவிர, நீர் புகாத உறையில் கைபேசி, 16ஆம் அலைவரிசையில் பேசக்கூடிய வி.எச்.எஃப். கைவானொலியும் அதற்கான உரிமமும், காலாவதியாகாத சிவப்புச் சுடர் குச்சிகளும் ஆரஞ்சுப் புகைக் குப்பியும், டார்ச், உறையிட்ட கத்தி, துடுப்பு இரண்டு, நீர் இறைக்க வாளி, தலைக்குத் தொப்பி, ஒருவருக்கு மூன்று லிட்டர் குடிநீர். நம் கடல் நீர் குளிரால் உயிரை வாங்குவதில்லை. வெயிலும் நீர்ச்சத்துக் குறைவும்தான் முதலில் தாக்கும். தலைவலியும் எரிச்சலும் தொடங்கினால் முடிவெடுக்கும் திறன் ஏற்கெனவே குறைந்துவிட்டது என்று கொள்ளுங்கள்.

ஏழாம் படி: கரையில் சொல்லிவிட்டுச் செல்லுதல்

பொறுப்பான ஒருவரிடம் எழுத்தில் கொடுத்துவிட்டுப் போங்கள்: படகின் நிறம், எத்தனை பேர், எந்தத் திசையில் எவ்வளவு தூரம், எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள். அதோடு, எத்தனை மணிக்கு மேல் தகவல் இல்லையென்றால் அவர் அழைக்க வேண்டும் என்பதையும் எழுதுங்கள். இந்தக் கடைசி வரி இல்லாவிட்டால் வீட்டில் இருப்பவர்கள் இன்னும் அரை மணி நேரம் பார்ப்போம் என்று இருட்டும் வரை காத்திருப்பார்கள். கடலில் தேடுதலுக்கும் மீட்புக்கும் கடலோரக் காவல்படையின் கட்டணமில்லா எண் 1554. கடலோரப் பாதுகாப்புக் குழுமக் காவல்துறைக்கு 1093.

எட்டாம் படி: நீரின் மீது

துறைமுக வாயிலின் அருகில் கப்பல்களுக்கு வழிவிடுவது பற்றி எந்தக் குழப்பமும் வேண்டாம். எஞ்சின் கலம் பாய்க்கலத்துக்கு வழிவிட வேண்டும் என்ற பொது விதி, குறுகிய கால்வாயில் மட்டுமே செல்லக்கூடிய பெருங்கப்பலுக்கு முன்னால் பொருந்தாது; 20 மீட்டருக்குக் குறைந்த கலங்களும் பாய்க்கலங்களும் அதற்கு இடையூறாக இருக்கக் கூடாது என்று சர்வதேச மோதல் தடுப்பு விதிகளின் 9ஆம் விதி தெளிவாகச் சொல்கிறது. கப்பலின் மேடையிலிருந்து பார்ப்பவருக்கு அணியத்துக்கு முன்னால் சில நூறு மீட்டர் நீர்ப்பரப்பு கண்ணுக்கே தெரியாமல் போகலாம். நீங்கள் கப்பலைப் பார்க்கிறீர்கள் என்பதால் கப்பலும் உங்களைப் பார்க்கிறது என்று எண்ணாதீர்கள். கால்வாயைக் கடக்க வேண்டியிருந்தால், கப்பல் தொலைவில் இருக்கும்போதே செங்குத்தாக, விரைவாகக் கடந்துவிடுங்கள். ஐந்து குறுகிய ஊதல்கள் கேட்டால் உங்கள் நோக்கம் அவர்களுக்குப் புரியவில்லை என்று பொருள், உடனே விலகுங்கள். துறைமுகத்துக்குள் நுழையும்போது சிவப்பு மிதவை இடப்பக்கத்திலும் பச்சை மிதவை வலப்பக்கத்திலும் இருக்க வேண்டும்.

இரண்டு பாய்ப்படகுகள் சந்திக்கும்போது, காற்றை இடப்பக்கத்திலிருந்து வாங்கும் படகு வழிவிட வேண்டும். இரண்டும் ஒரே பக்கத்திலிருந்து வாங்கினால் காற்று வரும் பக்கம் இருக்கும் படகு வழிவிட வேண்டும். வலை விரித்து மீன் பிடித்துக்கொண்டிருக்கும் படகுக்குப் பாய்ப்படகும் எஞ்சின் படகும் இரண்டுமே ஒதுங்க வேண்டும்.

வலைகளைப் பற்றி விதியைத் தாண்டியும் சொல்ல வேண்டியிருக்கிறது. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம் என்றாலும், நாட்டுப்படகுகள் அந்த நாள்களிலும் கரையோரம் வலை விடுகின்றன. தெர்மகோல் துண்டுகள், நெகிழிப் புட்டிகள், கறுப்புக் கொடி கட்டிய மூங்கில் கழி ஆகியவற்றைக் கண்டால் அவற்றுக்கு இடையே வலை இருக்கிறது என்று கொண்டு, இரு முனைகளையும் கண்டுபிடித்துச் சுற்றிச் செல்லுங்கள். விசிறியில் வலை சிக்கிவிட்டால் எஞ்சினை நிறுத்தி, சாவியையும் பாதுகாப்புக் கயிற்றையும் கழற்றிய பிறகே மேலே சாய்த்து விடுவியுங்கள். கூடுமானவரை அறுக்காதீர்கள். அறுக்க நேர்ந்தால், கரைக்கு வந்து அந்தக் குப்பத்தில் விசாரித்து, சொல்லி, ஈடு கொடுங்கள். ஒரு வலை என்பது ஒரு வீட்டின் பல நாள் கூலி; நாம் பொழுதுபோக்குக்குச் செல்லும் இடம் அவர்களின் தொழிலிடம்.

எண்ணூர் முகத்துவாரத்தை அனுபவமில்லாதவர்கள் தவிர்க்க வேண்டும். மணல் மேடுகள் இடம் மாறிக்கொண்டே இருப்பதால் சென்ற மாத வழி இந்த மாதம் இருக்காது. வற்றத்தில், அதாவது கடல் மட்டம் இறங்கும் நேரத்தில், கழிமுக நீர் வெளியே பாயும்போது உள்ளே வரும் அலையுடன் மோதி, குறுகலான இடத்தில் செங்குத்தான அலைகள் எழும். நம் கரையில் பெரிய ஓதத்தின்போதும் ஏற்றத்துக்கும் வற்றத்துக்கும் உள்ள வேறுபாடு ஏறத்தாழ ஒரு மீட்டர்தான். ஆழம் குறைந்த முகத்துவாரத்துக்கு அந்த ஒரு மீட்டரே எல்லாம். நுழைய வேண்டியிருந்தால் ஏற்றத்தின் கடைசிப் பகுதியில், தாழங்குப்பம் அல்லது நெட்டுக்குப்பத்து மீனவர் படகு ஒன்று போகும் வழியைப் பார்த்து, அதன் பின்னால் நுழையுங்கள். உள்ளே போன பிறகு பாய்ப்படகுக்கு மற்றோர் ஆபத்து உண்டு: கழிமுகத்தின் குறுக்கே செல்லும் உயர் அழுத்த மின்கம்பிகள். அலுமினியப் பாய்மரத்தை நிமிர்த்தியபடி அவற்றின் அடியில் போகவே வேண்டாம்.

ஒன்பதாம் படி: விபரீதம் நேர்ந்தால்

பாய்ப்படகு கவிழ்ந்தால் படகை விட்டு விலகாதீர்கள். கரை அருகில் தெரியும். நீந்திவிடலாம் என்று தோன்றும். மிதக்கும் படகை எளிதாகக் கண்டுபிடிக்கும் மீட்புப் படகு, அலைகளுக்கு இடையே ஒரு தலையைக் கண்டுபிடிக்கப் பெரும்பாடு படும். பாயை இழுக்கும் கயிற்றைத் தளர்த்திவிட்டு, அணியத்தைக் காற்றை நோக்கித் திருப்புங்கள். அடிப்புறத்துக்கு நீந்திச் சென்று, நீட்டிக்கொண்டிருக்கும் நடுப்பலகையின் மீது அதன் அடிப்பாகத்தை ஒட்டி ஏறி நின்று, படகின் விளிம்பைப் பிடித்துப் பின்னால் சாயுங்கள். பாயில் தேங்கிய நீர் வடிய நேரம் பிடிக்கும். அவசரப்பட்டுக் குதித்தால் பலகை முறியும். பாய் நீரைவிட்டு எழத் தொடங்கியதும் படகு வேகமாக நிமிரும், அப்போது உள்ளே தாவிவிடுங்கள். மூன்று முறை முயன்றும் முடியாவிட்டால் நிறுத்தி, படகின் மீது ஏறி அமர்ந்து உதவி கேளுங்கள். மீதமுள்ள வலு, மீட்புப் படகில் ஏறத் தேவைப்படும்.

ஆள் நீரில் விழுந்தால் உடனே சத்தம் கொடுத்து, மிதவையை எறிந்து, ஒருவர் மட்டும் வேறெந்த வேலையும் செய்யாமல் விழுந்தவரை விரலால் சுட்டிக்கொண்டே இருக்க வேண்டும். எஞ்சின் படகை மெதுவாகக் காற்றுக்கு எதிராகக் கொண்டுவந்து, அருகில் வந்ததும் எஞ்சினை அடியோடு நிறுத்திவிட்டுப் பக்கவாட்டில் ஏற்றுங்கள்.

வானொலியில் உதவி கேட்கும்போது 16ஆம் அலைவரிசையில் “மேடே” என்று மூன்று முறை, படகின் பெயரை மூன்று முறை, பிறகு இருக்கும் இடம், நேர்ந்தது என்ன, எத்தனை பேர் என்று வரிசையாகச் சொல்லுங்கள். இடத்தைக் கைபேசியில் தெரியும் அட்சரேகை, தீர்க்கரேகை எண்களாகவே சொல்லிவிட்டு, அதன்பின் “திருவொற்றியூருக்குக் கிழக்கே இரண்டு கிலோமீட்டர்” என்பது போல் அடையாளமும் சேருங்கள். உயிருக்கு ஆபத்து இல்லாத பழுதுக்கு மேடே சொல்லக் கூடாது. அதற்கு “பான் பான்” என்ற அழைப்பு உண்டு.

பத்தாம் படி: திரும்பிய பிறகு

கரையேறியதும் முதல் வேலை, யாரிடம் தகவல் கொடுத்துவிட்டுப் போனீர்களோ அவரை அழைத்துத் திரும்பிவிட்டதாகச் சொல்வது. அதன் பிறகு எஞ்சினுக்கு நல்ல நீர் செலுத்திச் சில நிமிடம் ஓட்டி உப்பைக் கழுவுங்கள். பாய், கயிறு, கப்பிகள், லைஃப் ஜாக்கெட் எல்லாவற்றையும் நன்னீரில் அலசி நிழலில் உலர்த்துங்கள். எஞ்சினின் அடியில் பொருத்தியிருக்கும் துத்தநாகக் கட்டி, மற்ற உலோகங்களுக்குப் பதிலாகத் தான் அரிபடுவதற்காகவே வைக்கப்பட்டது. அது பாதி கரைந்ததும் மாற்றுங்கள், அதன் மேல் வண்ணம் பூசாதீர்கள். கழிமுகத்துக்குள் சென்று வந்திருந்தால் படகின் அடியையும் உங்கள் கால்களையும் சோப்பு போட்டுக் கழுவுவது அவசியம்; அங்குள்ள சேற்றில் எண்ணெயும் ஆலைக் கழிவும் சாம்பலும் படிந்திருக்கின்றன, சிறு வெட்டுக்காயமும் சீழ்வைக்கும்.

செப்டம்பர் இறுதியில் பருவமழைக்கு முன்பாகப் பாய்மரத்தை இறக்கிப் படுக்கவைத்து, வடிகால் அடைப்பானைத் திறந்து, படகைக் கவிழ்த்தோ அணியத்தைச் சற்று உயர்த்தியோ வைத்து, தரையில் புதைத்த கொக்கிகளில் குறைந்தது நான்கு இடங்களில் கட்டுங்கள். தார்ப்பாயின் அடியில் காற்று புகாதபடி விளிம்பைத் தாழக் கட்டுவது முக்கியம். எரிபொருள் தொட்டியைக் காலி செய்து, மின்கலத்தைக் கழற்றி வீட்டுக்கு எடுத்துவந்துவிட்டால், ஜனவரியில் காற்று தணிந்ததும் ஐந்தாம் படியிலிருந்து மீண்டும் தொடங்கலாம்.